33 டிகிரியா, 36-ஆ, காய்ச்சல் மட்டும் வராமல் காப்பதா? இதயம் நின்று மீண்டவரின் மூளைக்கு எது நல்லது

இதயம் நின்றது. மார்பை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், துடிப்பு திரும்பிவிட்டது. ரத்த அழுத்தமும் மருந்தின் தயவில் ஓரளவு நிற்கிறது. ஆனால் ஆள் கண் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசைவில்லை. வென்டிலேட்டர் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில்தான் உறவினர்களில் யாராவது ஒருவர் கைபேசியில் படித்துவிட்டு வந்து கேட்பார்: “உடம்பைக் குளிர்வித்தால் மூளை பிழைக்குமாமே, அதை ஏன் செய்யவில்லை?”

கேள்வி நியாயமானது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக உலகின் முன்னணித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதைத்தான் செய்துவந்தன. ஆனால் பதில் இந்தக் காலத்தில் இரண்டு முறை மாறிவிட்டது. பழைய பதிலைப் படித்தவர்களும் புதிய பதிலைப் படித்தவர்களும் ஒரே படுக்கையைச் சுற்றி நின்று வாதாடுவதுதான் இன்றைய நிலை.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. உடலை 33 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 91.4 பாரன்ஹீட்டுக்கு, இறக்கி ஏறக்குறைய ஒரு நாள் அங்கேயே பிடித்து வைத்திருப்பது முதல் வழி. 36 டிகிரியில் நிறுத்துவது இரண்டாவது. குளிர்விக்கவே முயலாமல், 37.5-ஐத் தாண்டவிடாமல் இரண்டு மூன்று நாள் காவல் இருப்பது மூன்றாவது. நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை யாரும் வழி என்று ஒப்புக்கொள்வதில்லை, ஆனாலும் அது நடக்கிறது: சார்ட்டில் 38.6 என்று எழுதிவிட்டு, ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வழி போதும், அதுவே மேல். 33-க்கு ஒரு சிறிய இடம் இன்னும் இருக்கிறது. 36-ல் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. நான்காவதைச் செய்துவிட்டு “புதிய ஆராய்ச்சி குளிர்விக்க வேண்டாம் என்கிறது” என்று சொல்பவர்கள் அந்த ஆராய்ச்சியைச் சரியாகப் படிக்கவில்லை.

இந்தப் பேச்சு முழுவதும் துடிப்பு திரும்பிய பிறகும் நினைவு திரும்பாதவர்களுக்கு மட்டுமே. “கையைத் தூக்குங்கள்” என்றால் தூக்குகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

மூளைக்குள் நடப்பது

மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதுகூட உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. சேமிப்பு என்று ஒன்றும் அதனிடம் கிடையாது. ரத்தம் நின்ற சில நொடிகளில் நினைவு போகிறது. சில நிமிடங்களில் நரம்பணுக்களின் எரிபொருள் தீர்கிறது. இது முதல் அடி.

இரண்டாவது அடி ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு விழுகிறது. பட்டினி கிடந்த அணுக்களுக்குள் கால்சியம் வெள்ளமாய்ப் புகுகிறது. குளூட்டமேட் என்ற நரம்புத் தூது வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. திரும்பி வந்த ஆக்சிஜனே ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் தீவிர வேதித்துகள்களாக மாறி அணுச்சவ்வுகளை அரிக்கிறது. மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம். இவை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடப்பவை. முதல் அடியை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவதைத் தணிக்கலாம் என்பதுதான் குளிர் சிகிச்சையின் நம்பிக்கை. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. அந்த வேதிச் சங்கிலியின் பல கண்ணிகளும் குளிரில் மெதுவாகின்றன. ஆய்வுக்கூட விலங்குகளில் இது அழகாக வேலை செய்தது.

ஒரே ஒரு சிக்கல். 1993-ல் நாய்களில் நடந்த ஓர் ஆய்வில், ரத்த ஓட்டம் திரும்பியவுடன் குளிர்வித்தபோது கிடைத்த பலன், 15 நிமிடம் தாமதித்துத் தொடங்கியபோது பெரும்பாலும் காணாமல் போனது. மனிதர்களில் அந்த 15 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது.

பனிக்கட்டிக்கு அடியில் சிக்கி மீண்டவர்களின் கதைகளையும் இங்கேயே தள்ளி வைத்துவிடலாம். 1999-ல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடையில் விழுந்த ஆன்னா போகன்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர், 80 நிமிடம் பனிக்கடியில் சிக்கியிருந்தார். வெளியே எடுத்தபோது இதயத்துடிப்பு இல்லை. உடல் வெப்பநிலை 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தது. அவர் பிழைத்து வேலைக்கும் திரும்பினார். ஆனால் அவருடைய மூளை முதலில் குளிர்ந்தது, இதயம் பிறகு நின்றது. பெருந்தமனி அறுவை சிகிச்சையில் உடலை 20 டிகிரிக்குக் கீழேகூட இறக்கிவிட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவதும் இதே வரிசையில்தான். வீட்டில், 37 டிகிரியில், இதயம் நின்று விழுந்தவருக்கு வரிசை தலைகீழ். அங்கே கிடைக்கும் பாதுகாப்பை இங்கே எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

33 டிகிரிக்கான வாதம்

2002-ல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஐரோப்பாவில் 275 பேரிடம் நடந்தது ஒன்று: 32 முதல் 34 டிகிரிக்குள் 24 மணி நேரம் குளிர்விக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மீண்டார்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 39 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 77 பேரிடம் நடந்தது மற்றொன்று: 33 டிகிரியில் 12 மணி நேரம். 49 சதவீதத்துக்கு எதிராக 26 சதவீதம். இதயம் நின்ற பிறகு மூளையைக் காப்பாற்ற அதுவரை எந்த மருந்தும் வேலை செய்ததில்லை. அடுத்த ஆண்டே சர்வதேசப் பரிந்துரை வந்துவிட்டது. ஐஸ் பொதிகளும் குளிர் மெத்தைகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் நுழைந்தன.

அந்த ஆய்வுகளை இன்று எடுத்துப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஐரோப்பிய ஆய்வுக்கு 3,551 பேரைப் பார்த்து 275 பேரைத்தான் எடுத்தார்கள். மின் அதிர்ச்சிக்கு இணங்கும் தாளத்தில், அதாவது அதிர்ச்சி கொடுத்தால் சரியாகக்கூடிய இதயத் தாளக் கோளாறில், சாட்சிகளின் கண் முன்னால் இதயம் நின்றவர்கள்தான் பெரும்பாலும். இவர்கள் ஏற்கெனவே நல்ல வாய்ப்பு உள்ளவர்கள். இன்னொன்று, இதுதான் பெரியது: குளிர்விக்கப்படாத குழுவின் வெப்பநிலை வரைபடம் 37-ல் நிற்கவில்லை. அது மேலே ஏறிப் போனது, கணிசமானவர்களுக்குக் காய்ச்சல். அப்படியென்றால் ஒப்பிடப்பட்டது குளிரும் இயல்பு நிலையுமா, குளிரும் காய்ச்சலுமா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் காண இன்னொரு பத்தாண்டு ஆனது.

2013-ல் வந்த ஆய்வில் 939 பேர். ஒரு பாதிக்கு 33, மறு பாதிக்கு 36. இரு பக்கமும் வெப்பநிலை கட்டுக்குள் இருந்தது. பின்னர் காய்ச்சலும் தடுக்கப்பட்டது. ஆய்வின் முடிவில் இறந்தவர்கள் 50 சதவீதமும் 48 சதவீதமும். வித்தியாசம் இல்லை. 2021-ல் இதே குழுவினர் இன்னும் துணிந்து, 14 நாடுகளில் 1,900 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் 33 டிகிரி. மறுபக்கம் குளிர்விப்பே இல்லை, 37.8-ஐத் தொட்டால் மட்டும் கருவி வைத்து இறக்குவது. ஆறு மாத முடிவில் இறப்பு மீண்டும் 50-க்கு 48. மோசமான ஊனத்துடன் இருந்தவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்தால் இரு பக்கமும் 55 சதவீதம். இவ்வளவு துல்லியமாகச் சமமாக வரும் முடிவு மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆழத்தைக் கூட்டினால் பலன் வருமா என்றும் பார்த்தாயிற்று. 31 டிகிரியையும் 34-ஐயும் ஒப்பிட்ட கனடா ஆய்வில் பலன் இல்லை. நேரத்தைக் கூட்டி 48 மணி நேரம் வைத்தார்கள். 24 மணி நேரத்தைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை.

33-ன் ஆதரவாளர்கள் சொல்லும் முக்கியமான எதிர்வாதம், “பெரிய ஆய்வுகளில் தாமதமாகக் குளிர்வித்தார்கள்” என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் 2002-ன் ஐரோப்பிய ஆய்வில் இலக்கை எட்டப் பாதிப் பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தோற்றதாகச் சொல்லப்படும் 2021 ஆய்வில், சேர்க்கப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள்ளேயே பாதிப் பேர் 34-ஐத் தொட்டுவிட்டார்கள். மெதுவானது வென்று விரைவானது தோற்றது என்றால், தாமதம் என்ற விளக்கம் எங்கேயோ இடறுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் எனக்கு வலுவாகத் தெரிகிறது. 2021 ஆய்வில் ஐந்தில் நான்கு பேருக்கு அருகில் இருந்தவர்களே மார்பை அழுத்தத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நடக்காத இடங்களில், பல நிமிடம் யாரும் தொடாமல் கிடந்தவர்களின் மூளைக்காயம் வேறு வகையானது. அவர்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இங்கேதான் 2019-ன் பிரெஞ்சு ஆய்வு உள்ளே வருகிறது. மின் அதிர்ச்சிக்கு இணங்காத தாளத்தில் இதயம் நின்றவர்களை மட்டும் எடுத்தார்கள். பொதுவாகவே வாய்ப்புக் குறைவானவர்கள். 33-ல் வைக்கப்பட்ட 284 பேரில் 29 பேர் 90-ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தார்கள். 37-ல் வைக்கப்பட்ட 297 பேரில் 17 பேர். சதவீதத்தில் 10.2-க்கு 5.7. ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனால் இறப்பு விகிதம் மாறவில்லை. அந்த 29-ல் ஒரே ஒருவரின் நிலை வேறாக இருந்திருந்தால் புள்ளியியல் வித்தியாசம் மறைந்திருக்கும். 37 டிகிரிக் குழுவிலும் சிலருக்குக் காய்ச்சல் எட்டிப் பார்த்தது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது, இதை மட்டும் வைத்துக் கட்டடம் எழுப்பவும் முடியாது.

நிபுணர்களும் ஒன்றாக இல்லை. ஐரோப்பிய அமைப்புகள் 2022-ல் 32 முதல் 36 டிகிரி என்ற பரிந்துரையை விட்டுவிட்டுக் காய்ச்சல் தடுப்புக்கு மாறின. அமெரிக்க இதய அமைப்பு 2023-ல் 32 முதல் 37.5 வரை எதையாவது ஒன்றைத் தேர்ந்து அதில் நிலையாக இருங்கள் என்றது. 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்போ, 32 முதல் 34 டிகிரி குளிர்விப்பு மூளை மீட்சிக்கு உதவக்கூடும் என்ற பக்கம் சாய்ந்தது. ஒரே தரவுகளைப் படித்துவிட்டு இப்படிப் பிரிவது, எந்த ஆய்வை எவ்வளவு நம்புவது என்ற தீர்ப்பில் இருக்கும் வேறுபாடு.

குளிரின் விலை

“பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே, செய்து பார்க்கலாமே” என்று சொல்பவர்கள் உண்டு. கெடுதல் உண்டு. 2021 ஆய்வில் ரத்த ஓட்டத்தைக் குலைக்கும் இதயத் தாளக் கோளாறு குளிர்விக்கப்பட்டவர்களில் 24 சதவீதத்தினருக்கு வந்தது, மற்றவர்களில் 17. குளிரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது, சூடேற்றும்போது ஏறுகிறது. இடையில் திருத்துகிறேன் என்று நிறையக் கொடுத்துவிட்டால் பிறகு ஆபத்து. சிறுநீர் அதிகமாகப் போகிறது. சர்க்கரை ஏறுகிறது. ரத்தம் உறைவது தாமதமாகிறது. தொற்றை எதிர்க்கும் திறன் மந்தமாகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது நடுக்கம். உடல் குளிரை விரும்புவதில்லை, எதிர்க்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. 36-க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் தசைகள் துடிக்கின்றன. மயக்கத்தில் இருப்பவரிடம் இது பல்லைக் கிட்டும் பெரிய நடுக்கமாகத் தெரியாது. அனுபவமுள்ள செவிலியர் தாடைத் தசையின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு கழுத்தின் பக்கவாட்டில், பிறகு மார்பில். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அதிர்வு விரலுக்குத் தெரியும். ஈ.சி.ஜி. திரையில் கோடு மெல்லிய ரோமம் முளைத்ததுபோல் கலங்கியிருக்கும். அந்த அதிர்வு உடலின் ஆக்சிஜன் செலவைப் பன்மடங்கு ஏற்றிவிடும். மூளையின் செலவைக் குறைக்க வந்த சிகிச்சை மொத்தச் செலவைக் கூட்டிவிட்டுப் போகும்.

நடுக்கத்தை அடக்கப் பாராசிட்டமால், மெக்னீசியம், கைகால்களுக்கு மட்டும் வெதுவெதுப்பான போர்வை என்று படிப்படியாகப் போகலாம். 33-க்கு இவை மட்டும் போதாது. ஆழ்ந்த மயக்க மருந்து வேண்டும், பல நேரம் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் வேண்டும். அந்த மருந்து போட்டபின் வலிப்பு வந்தால்கூட வெளியே தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. இணைத்திருந்தால்தான் தெரியும். குளிர்ந்த கல்லீரல் மயக்க மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால் அதன் பிடி நாள்கணக்கில் நீளும். இதன் விளைவு கடைசிப் பகுதியில் வரும்.

36 என்ற நடுவழி

2013 ஆய்வுக்குப் பிறகு நிறைய இடங்கள் 33-லிருந்து 36-க்கு மாறின. காகிதத்தில் பார்த்தால் சமரசம்: குளிரின் கெடுதல் குறைவு, காய்ச்சலும் வராது. நடந்தது வேறு. 36 என்றதும் “அது ஏறக்குறைய இயல்பு வெப்பநிலைதானே” என்ற எண்ணம் புகுந்துவிட்டது. மயக்க மருந்தைச் சீக்கிரம் குறைத்தார்கள், கருவியைத் தாமதமாக வைத்தார்கள். சில மருத்துவமனைகள் தங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மாற்றத்துக்குப் பின் காய்ச்சல் அதிகமாகியிருந்தது தெரிந்தது. ஆய்வில் 36 என்பது கடுமையான கட்டுப்பாடு. படுக்கையருகே அது தளர்வுக்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. நடுக்கம் மிக மும்முரமாக இருப்பது 34-க்கும் 36-க்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில்தான். 33-ஐ நெருங்கும்போது அது அடங்கத் தொடங்கும். ஆக, 36-ஐ உண்மையாகவே பிடித்து வைக்க வேண்டுமென்றால் உழைப்பு ஏறக்குறைய அதே அளவு. பலன் 37.5-ஐவிட அதிகம் என்பதற்குச் சான்று இல்லை. இதனால்தான் இதை மூன்றில் கடைசியாக வைக்கிறேன். ஏற்கெனவே 36-ல் நன்றாகப் பழகி, குறைவான காய்ச்சலுடன் நடத்திவரும் பிரிவு அதை விட வேண்டும் என்று சொல்லவில்லை.

காய்ச்சல் தடுப்பு: பெயரளவில் எளிது

இந்த வழியைப் பற்றிய முதல் தவறான எண்ணம், இது ஒன்றும் செய்யாமல் இருப்பது என்பது. 2021 ஆய்வில் “குளிர்விக்கப்படாத” குழுவில் 46 சதவீதத்தினருக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக் கருவி தேவைப்பட்டது. அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாராசிட்டமாலும் போர்வையை விலக்குவதும் போதவில்லை. தொற்றால் வரும் காய்ச்சல் மருந்துக்கு ஓரளவு அடங்கும். காயப்பட்ட மூளையின் வெப்பக் கட்டுப்பாடே குலைந்து வருவதும், இதயம் நின்று மீண்டபின் உடல் முழுவதும் கிளம்பும் அழற்சியால் வருவதும் அவ்வளவு எளிதில் அடங்காது.

காய்ச்சலால் மூளை கெடுகிறதா, கெட்ட மூளைதான் காய்ச்சலை உண்டாக்குகிறதா என்ற சந்தேகம் நியாயமானது. 37 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் மோசமான முடிவுக்கான வாய்ப்பு விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதை 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தது அல்ல. காய்ச்சலைத் தடுப்பதையும் விட்டுவிடுவதையும் நேருக்கு நேர் வைத்த பெரிய ஆய்வு மேலே சொன்ன சான்றுகளுக்குள் கிடையாது. அப்படியானால் எதை நம்பி இதைச் சிபாரிசு செய்கிறேன்? 2013-லும் 2021-லும் 33-ஐச் சமன் செய்த குழுக்கள் காய்ச்சலைக் கட்டுப்படுத்திய குழுக்கள். கட்டுப்படுத்தாத குழு 2002-ல் பின்தங்கியது. இது நிரூபணம் ஆகாது. ஆனால் முடிவெடுக்க இவ்வளவு போதும், கெடுதலும் மிகக் குறைவு.

எவ்வளவு நாள் என்பதில் கொஞ்சம் தளர்வு இருக்கிறது. 789 பேரிடம் நடந்த டென்மார்க் ஆய்வில் கருவியால் மொத்தம் 36 மணி நேரம் கட்டுப்படுத்தியதும் 72 மணி நேரம் கட்டுப்படுத்தியதும் ஒரே முடிவைத்தான் தந்தன. எனவே 36 மணி நேரம் கட்டாயம். அதற்குப் பின்னும் நினைவு வராதவருக்கு 72 வரை கண் வைத்திருப்பது நல்லது.

இந்த வழி சரியாக நடக்கிறதா என்று பார்க்க இரண்டே இடங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, எங்கே அளக்கிறார்கள். அக்குளில் வைத்த வெப்பமானி இங்கே உதவாது. ரத்தக் குழாய்கள் சுருங்கிய தோலுக்கும் உள்ளுறுப்புக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாம். உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ உணரி இருக்க வேண்டும், எண் திரையில் இடைவிடாமல் தெரிய வேண்டும்.

மற்றொன்று பலரும் பார்க்காதது: கருவிக்குள் ஓடும் நீரின் வெப்பநிலை. தோலில் ஒட்டும் பட்டைகளுக்குள் நீரை ஓட்டி, உடலின் வெப்பநிலையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் இப்போது பரவலாக இருக்கின்றன. நோயாளியின் எண் 37.2 என்று அமைதியாக நிற்கும். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நீர் 8 டிகிரிக்கு இறங்கியிருந்தால், உள்ளே உடல் கடுமையாகக் காய்ச்சல் அடிக்க முயல்கிறது, கருவி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிமோனியா தொடங்கியிருக்கலாம், இவர்களுக்கு அது அடிக்கடி வரும். அல்லது கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

கருவி வாங்க முடியாத இடத்தில்? ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்துக் குளிர்விப்பதையும் ஐஸ் பொதி, விசிறி போன்ற எளிய முறைகளையும் 400 பேரிடம் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வில், கதீட்டர் வேகமாகவும் சீராகவும் இருந்தது. ஆனால் நோயாளிகளின் மீட்சியில் தெளிவான வித்தியாசம் இல்லை. எளிய முறைகள் செவிலியர்களின் நேரத்தைத் தின்னும். மணிக்கு மணி ஒருவர் நிற்க முடியுமென்றால் ஐஸும் ஈரத்துணியும் விசிறியும் போதும். 33-ஐ இப்படிப் பிடித்து வைப்பது பெரும்பாடு; 37.5-க்குக் கீழே வைப்பது முடியும். வசதி குறைந்த இடங்களுக்கு மூன்றாவது வழி பொருந்த இதுவும் ஒரு காரணம்.

எந்த நிலையிலும் வேண்டாத ஒன்று: ஆம்புலன்சிலேயே குளிர்ந்த சலைனை வேகமாக ஏற்றுவது. “எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது” என்ற தர்க்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1,359 பேரிடம் முயன்று பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவில் பலன் இல்லை. வழியிலேயே இதயம் மீண்டும் நின்றவர்கள் 26 சதவீதம்; ஏற்றப்படாதவர்களில் 21. நுரையீரலில் நீர் கோத்தவர்களும் அதிகம்.

யாருக்கு எது

பெரும்பாலானவர்களுக்கு 37.5 டிகிரி எல்லை, முழுக் கவனத்துடன். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களுக்கும் இதுவே; அவர்களிடம் தனியாக நடந்த ஜெர்மானிய ஆய்விலும் குளிர்விப்பு உதவவில்லை.

33-ஐ நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, மின் அதிர்ச்சிக்கு இணங்காத தாளம், ஆனால் இதயத்துக்குள்ளேயே பெரிய பிரச்சினை இல்லாமல் மூச்சுத்திணறல் போன்ற காரணத்தால் நின்றது. கூடவே ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு 33-ல் கை பழகியிருக்கிறது. பிரெஞ்சு ஆய்வை மதித்து இங்கே முயலலாம். இரண்டாவது, மூளை வீக்கத்தின் அறிகுறி ஸ்கேனில் தெரிபவர். மூன்றாவது, அடங்காத வலிப்பு உள்ளவர். கடைசி இரண்டுக்கும் பெரிய ஆய்வுகளின் துணை கிடையாது. குளிர் மூளை அழுத்தத்தைக் குறைக்கும் என்ற உடலியல் அறிவுதான் துணை. மாறாக, உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத ‘ஷாக்’ நிலையில் ரத்த அழுத்தம் தத்தளிப்பவருக்கும், கடும் ரத்தக்கசிவு உள்ளவருக்கும் 33 கூடாது.

ஒரு சிலர் வரும்போதே 34.5, 35 என்று தானாகக் குளிர்ந்து வருவார்கள். அவர்களை அவசரமாகச் சூடேற்றுவது தவறு. தானாக ஏறட்டும் என்று விட்டு, 37.5-ல் தடுத்தால் போதும். 33-ல் வைத்தவரையும் மணிக்குக் கால் டிகிரியிலிருந்து அரை டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. சூடேற்றி முடித்த அடுத்த நாளில் எகிறிவரும் காய்ச்சலைக் கோட்டைவிட்டால் முந்தைய நாள் உழைப்பெல்லாம் வீண்.

குழந்தைகளில் 33-க்கும் 36.8-க்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பச்சிளம் குழந்தைகளைக் குளிர்விப்பது வேறு சிகிச்சை, அதன் சான்றுகளும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண் திறக்கும் வரை

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் டிகிரியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் இதயம் நின்று தீவிர சிகிச்சைப் பிரிவு வரை வந்து இறப்பவர்களில் மூளைக்காயத்தால் இறப்பவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் “இனி மீள மாட்டார்” என்ற தீர்ப்புக்குப் பிறகு கருவிகள் விலக்கப்பட்டு இறப்பவர்கள். அந்தத் தீர்ப்பு எப்போது, எதை வைத்து எழுதப்படுகிறது என்பது 33-ஐயும் 37-ஐயும்விடப் பெரிய விஷயம்.

72 மணி நேரத்துக்கு முன் எழுதப்படக்கூடாது என்பது பொது விதி. அதற்குப் பின்னும் ஒரே சோதனையை நம்பக்கூடாது. இரு கண்மணிகளும் வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் கருவிழியைத் தொட்டாலும் இமைக்காமலும் இருப்பது, இரு மணிக்கட்டிலும் கொடுக்கும் மின் தூண்டல் மூளைப் புறணியை எட்டாதிருப்பது, இ.இ.ஜி.யில் கெட்ட வடிவங்கள், என்.எஸ்.இ. என்ற ரத்தப் பொருள் 48 அல்லது 72 மணி நேரத்தில் 60-ஐத் தாண்டுவது, ஸ்கேனில் பரவலான சேதம்: இவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒன்று கெட்டதாகவும் மற்றவை நல்லதாகவும் இருந்தால் காத்திருக்க வேண்டும்.

33-ஐத் தேர்ந்தெடுத்ததன் பாக்கி இங்கேதான் வந்து நிற்கிறது. குளிரில் மெதுவாக வெளியேறிய மயக்க மருந்து, மூன்றாம் நாளிலும் உடலில் இருக்கலாம். சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். அசையாமல் கிடப்பது மூளையா, மருந்தா? அன்றைய பரிசோதனையால் சொல்ல முடியாது. எனவே குளிர்விக்கப்பட்டவரின் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்க வேண்டியது: “மயக்க மருந்தைக் கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள்? அது முழுதாக இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? வலிப்பு இல்லை என்று இ.இ.ஜி.யில் பார்த்தீர்களா?” இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காதவரை எந்தப் படிவத்திலும் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம். மீள்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாள்களிலேயே கண் திறந்துவிடுகிறார்கள் என்றாலும், வாரம் கடந்து விழித்து வீட்டுக்கு நடந்து போனவர்களும் உண்டு.